குட்டிக்குப் பேப்பரா, மொட்டை மாடி மண் தட்டா?

ராஜபாளையம் பக்கம் நாய் வளர்த்து விற்கும் ஒரு பிரீடரிடமிருந்து எட்டு வாரச் சிப்பிப்பாறை நாய்க்குட்டியைத் தூக்கி வந்த அன்று ராத்திரியே, அதை எங்கே ஒண்ணுக்கு, ரெண்டுக்கு இருக்கப் பழக்குவது என்று வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அம்மா ஹாலில் நியூஸ்பேப்பர் விரிக்கும் கட்சி, நான் மொட்டை மாடியில் மண் தட்டு வைக்கும் கட்சி. தெரு என்ற பேச்சே இல்லை. குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ கிருமி, வேறு நாய்கள் நடமாடிய மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், தடுப்பூசித் தவணைகளோ குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை இழுக்கும்.

பேப்பரின் வசதியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சுருட்டிப் போட்டால் வேலை முடிந்தது. முதல் ஐந்து நாள் அதைத்தான் செய்தோம். குட்டி பேப்பரைக் கிழித்து விளையாடிவிட்டு, பால்கனித் தொட்டியிலிருந்து சிந்திக் கிடந்த மண்ணில் போய் ஒண்ணுக்கு இருந்தது. பிரீடருக்குப் போன் போட்டால், குட்டிகள் வளர்ந்ததே மண் முற்றத்தில்தானாம். நடக்கத் தொடங்கிய வயதில் காலடியில் எந்தத் தரை இருந்ததோ, பெரும்பாலும் அதையேதான் குட்டி பிறகும் தேடும். வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நான் கேட்டதெல்லாம் விலையும் ஊசிச் சீட்டும்தான்.

ஆனால் நான் மாடிப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு: பழக்கினதை மறக்கடிக்கும் பாடு. வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்கு இருக்கலாம் என்று நாமே கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊசியெல்லாம் முடிந்ததும் ஒருநாள் திடீரென்று கூடாது என்றால் அதற்கு என்ன புரியும்? அக்கா வீட்டு லேப்ரடார் பேப்பரில் பழகியது. இரண்டு வயதாகிறது, அரை மணி நேரம் தெருவெல்லாம் சுற்றிவிட்டு அடக்கிக்கொண்டே வீடு திரும்பும், அத்தான் படித்துக் கீழே போட்ட பேப்பர் கண்ணில் பட்டால் அன்றைக்கு அதுதான் கழிப்பறை. திட்டியும் பயனில்லை, சொல்லிக்கொடுத்தபடிதானே செய்கிறது.

மாடிக்கும் கூலி உண்டு. இரண்டு மாதக் குட்டி இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது, அதனால் தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் (நடத்திக் கூட்டிப்போனால் படியிலேயே முடித்துவிடும்). இருந்து முடித்த அந்த நொடியே வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. கீழே வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அப்புறம் வெயில். சித்திரை மத்தியானம் மாடித் தரை பாதத்தைப் பொசுக்கிவிடும், தட்டைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தோம்.

என் கணக்கு ஒரே ஒரு குட்டியை வைத்து. முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஆளில்லாத வீட்டுக்கும் பேப்பர்தான் நடக்கும். அடைமழை நாட்களில் நாங்களே விரித்தோம், மேலே ஒரு பிடி தட்டு மண்ணைத் தூவி.

ஐந்தாம் மாதத்தில் தட்டை எடுத்துவிட்டோம், இப்போது பக்கத்துக் காலி மனைதான் அதன் இடம். அம்மா மட்டும் இன்னும் பேப்பர் கட்சிதான், இத்தனைக்கும் ஒருநாள்கூடப் படி ஏறவில்லை.