மோஷன் டெஸ்ட்: தெருமுனை லேபா, பெரிய லேபா, காலேஜ் ஆஸ்பத்திரியா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வயிறு கெட்டால் டாக்டர் எழுதித் தருவது மோஷன் டெஸ்ட், அதாவது மலப் பரிசோதனை. அதை எங்கே கொடுப்பது? லேபின் பெயரைப் பார்ப்பதைவிட, எதைத் தேடுகிறோம் என்று பார்ப்பதே சரி.

சளியும் ரத்தமுமாகத் தண்ணீராய்ப் போகிறதா? தெருமுனை லேப்தான். நகரும் அமீபாவைப் பிடிக்க, மலம் வந்த அரை மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பெரிய லேபின் கலெக்‌ஷன் பையன் காசிமேடு முடித்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று, தலைமை லேபுக்குப் போய்ச் சேருவதற்குள் அது செத்திருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் பிழைக்காது. ஆனால் தெருமுனையில் பார்ப்பவருக்குக் கண் பழகியிருக்க வேண்டும். ரத்த வெள்ளையணுவை அமீபா என்று எழுதிவிடுவது புதிதல்ல.

புழு முட்டை வேறு கதை. ஸ்லைடில் நேரடியாகத் தடவிப் பார்ப்பது ஏறக்குறைய 2 மில்லிகிராம் மலம்தான். ஃபார்மலின், ஈதர் சேர்த்துச் சுழற்றி, அடியில் படிவதைப் பார்த்தால் ஒரு கிராம்வரை அலசலாம். கொஞ்சமாக இருக்கும் கொக்கிப்புழு முட்டை அதில்தான் சிக்கும். இதற்கு ஸ்டான்லி போன்ற காலேஜ் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் துறையில் கேட்டுப் பார்ப்பேன். வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய லேப் ஜெயிப்பது 'அமீபா சிஸ்ட்', அதாவது ஓடு கட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் அமீபா விஷயத்தில். என் சித்தப்பா இந்த ஒரு வரி ரிப்போர்ட்டுக்காக இரண்டு முறை மெட்ரோனிடசோல் என்ற அமீபா மாத்திரையை விழுங்கி, வாயெல்லாம் கசப்போடு திரிந்தார். நோய் தரும் ஹிஸ்டோலிடிகா என்ற அமீபாவின் சிஸ்டும், சும்மா குடியிருக்கும் டிஸ்பார் என்ற அமீபாவின் சிஸ்டும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் தனித்தனி இனம் என்று முறையாகப் பிரித்ததே 1993-இல்தான். பிரித்துச் சொல்ல, மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் அல்லது கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் டெஸ்ட் வேண்டும். ஆன்டிஜன் கிட்டிலும் சிலது இரண்டையும் சேர்த்தே காட்டும். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

எங்கே கொடுத்தாலும் ஒரே சாம்பிளில் 'இல்லை' என்று வந்தால் நம்பாதீர்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தினமும் வெளியே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று சாம்பிள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம், ராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறது என்று அழும் குழந்தைக்கு எங்கே கொடுத்தாலும் மோஷன் டெஸ்ட் பெரும்பாலும் உதவாது. கீரிப்பூச்சி முட்டை மலத்தில் அரிதாகவே தென்படும். காலையில் கழுவுவதற்கு முன், செல்லோ டேப்பை அங்கே ஒற்றியெடுத்து ஸ்லைடில் ஒட்டி, தெருமுனை லேபிலேயே கொடுங்கள்.