பி.டி.எஸ்.டி. பரிசோதனைக்குப் போய் வந்தேன்: மதுரை கிளினிக் ஒன்றின் அனுபவம்

பி.டி.எஸ்.டி. என்றால், கோரமான விபத்து, வன்முறை மாதிரி ஒன்றை அனுபவித்த பிறகோ பார்த்த பிறகோ மனதில் தங்கிவிடுகிற பாதிப்பு. கிளினிக் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன். தவிர, பெயரைப் போட்டால் இதை எழுதியது யாரென்று எங்கள் ஸ்டாண்டில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் ஆம்புலன்ஸ் டிரைவர், பதினோரு வருஷம். அதில் கடைசி மூன்று வருஷம் சரியான தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு வேறு. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாய்வு என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். மனநல டாக்டர் ஒருவரிடமும் போனேன். நான்கு நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதி அனுப்பினார், என்ன வேலை பார்க்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் கிடையாது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் நான் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிற இடம் அது. வாட்ச்மேனிலிருந்து எல்லோருக்கும் என்னைத் தெரியும். கடைசியில் ஒரு ராத்திரி 14416-க்கு அடித்தேன். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். முறையாக ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள் என்றார்கள். அப்படித்தான் இந்த இடத்துக்குப் போனேன்.

இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ரிசப்ஷனில் இருந்த பெண், "டிராமா டெஸ்டுக்கு வந்தவங்க யாரு?" என்று சந்தைக்கடையில் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டார். நாடகம் இல்லை, மன அதிர்ச்சிக்கு ஆங்கிலத்தில் டிராமா. பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கன் நம்பர் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. சுவரில் பிள்ளையார் படம், அதற்குப் பந்து மாதிரி மல்லிகைச் சரம். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் ஐந்தே கேள்வி, ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும். கெட்ட கனவு, சில விஷயங்களைத் தவிர்ப்பது, எப்போதும் உஷாராக இருப்பது, மரத்துப்போவது, நம்மையே குற்றம் சொல்லிக்கொள்வது. நான் நாலுக்கு ஆமாம் சொன்னேன். அப்புறம் இருபது கேள்வி உள்ள தாள். பி.சி.எல்.-5 என்று பெயர். போன ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தொந்தரவு செய்தது என்று 0 முதல் 4 வரை போட வேண்டும், மொத்தம் 80.

இந்தத் தாளைப் பற்றி ஒரு புகார். அவர்களே தமிழாக்கி ஜெராக்ஸ் போட்டிருந்தார்கள். பதினெட்டாவது கேள்வியில் "துள்ளலாக உணர்தல்" என்று இருந்தது. துள்ளலா? கல்யாண வீட்டிலா இருக்கிறேன்? பூஜ்யம் போட்டேன். பிறகு சைக்காலஜிஸ்ட் மேடம் பார்த்துவிட்டு, "சும்மா கதவு சாத்துனா கூட தூக்கிவாரிப் போடுதா?" என்று கேட்டார். அதற்கு 4. "ஓரளவு", "மிதமாக" என்று அடுத்தடுத்து இரண்டு கட்டம், அதில் எது பெரிசு என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் என் மார்க் 47. பொதுவாக 31, 33-க்கு மேல் போனால் விரிவாகப் பார்ப்பார்களாம். "மார்க்கை வச்சு வியாதின்னு சொல்லிட மாட்டோம், பேசித்தான் முடிவு பண்ணுவோம்" என்றார் மேடம்.

அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றே கால் மணி நேரம். முதல் கேள்வியே, "ஏண்ணே படிக்கட்டுல உக்காந்திருந்தீங்க?"

காற்றுக்காக என்றேன். அவர் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானே பூ வாசனை என்றேன். நான்கு வழிச்சாலையில் கவிழ்ந்த ஒரு கல்யாண வேன். டீசலும் மல்லிகையும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். எனக்குப் பூ பிடிக்காது என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் பிறந்து மல்லிகை பிடிக்காத ஆள் என்று வீட்டில் கேலி வேறு. வெள்ளிக்கிழமைகூட வைக்காமல் என் மனைவி எப்போது பூவை நிறுத்தினாள் என்பது அங்கே கேட்டபோதுதான் யோசித்தேன். பேஷண்ட் இல்லாமல் திரும்பும்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் வராமல் சுற்றி வருவேன், டீசல் கணக்கு கேட்டால் டிராஃபிக் என்பேன். மாதத்தில் எத்தனை தடவை அப்படிச் சுற்றினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் எத்தனை தடவை, எவ்வளவு கடுமை என்று இரண்டு கேள்வி உண்டு.

"எனக்கு ஒண்ணும் நடக்கலையே மேடம், நான் தூக்கிட்டுப் போனவன்தானே" என்றேன். நேரில் பார்த்தாலும் கணக்குதான், வேலை நிமித்தம் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் கணக்குதான் என்று விதியிலேயே இருக்கிறதாம். டி.வி.யில் சும்மா பார்ப்பதுதான் சேராது. குடி, தலையில் அடி, தற்கொலை எண்ணம் எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். சின்ன வயசில் வீட்டில் அடி உண்டா என்றும் கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் வியாதிப் பட்டியலான, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11-ல் காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்று தனியாக ஒன்று இருக்கிறது. பயமும் கனவும் போக, கோபமோ துக்கமோ வந்தால் அடங்காதது, தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைப்பது, யாரிடமும் ஒட்ட முடியாதது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பல வருஷம் தப்பிக்க வழியில்லாமல் அடி உதை வாங்கியவர்களிடம் அதிகம் பார்க்கலாமாம். அதற்கென்று பதினெட்டு கேள்வித் தாள் இன்னொன்று. எனக்கு மூன்றில் இரண்டுதான் வந்தது. ஆகவே வெறும் பி.டி.எஸ்.டி. "வெறும்" என்றதும் மேடமே சிரித்துவிட்டார்.

என்னோடு வண்டியில் வருகிற தம்பி ஒருவன் ஒரு விபத்து முடிந்து பத்தாம் நாளே அங்கே போனான். ஒரு மாதம் ஆகாமல் இந்தப் பெயரை வைக்க மாட்டோம், ஆனால் வந்து பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

செலவு: முதல் நாள் 900 ரூபாய், நேர்காணலுக்கு 2,000, ரிப்போர்ட்டுக்குத் தனியாக 500. அந்த 500-தான் உறுத்துகிறது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். வீட்டில் அதை எடுத்து வாசிக்க ஆரம்பித்தது பத்தாவது படிக்கும் என் மகள். இரண்டாம் பக்கத்தில் வாங்கி வைத்துவிட்டேன். மறுநாள் போன் செய்து கேட்டதும் அரைப் பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். கேட்டால்தான் கொடுக்கிறார்கள், அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிகிச்சை அங்கே கிடையாது. வேறு இடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், ஆறு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

ஐந்துக்கு நாலு. போகிறவர்கள் புதன்கிழமை மதியம் போங்கள், கூட்டம் இருக்காது. அன்றைக்கு வண்டி ஓட்டாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் தனியாகப் போய், பேசி முடித்துவிட்டு, கீழே டீக்கடையில் முக்கால் மணி நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.