பூங்குழலியின் பெயரை விழுங்கிய சுருக்கப் பதிப்பு

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கடையொன்றில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் சுருக்கப் பதிப்பை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் வாசிகசாலைக்கு மாலையில் வரும் பிள்ளைகளுக்காக. ஐந்து பாகங்களும் ஒரே நூலில். எழுத்து பெரியது, தாள் தடிப்பு, கட்டும் உறுதி. அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வாரமே தரம் எட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “ரீச்சர், இந்த ஓடக்காரப் பெண்ணுக்குப் பெயர் இல்லையா?”

வாங்கிப் புரட்டினேன். கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை ஈழத்துக்குப் படகேற்றி வருகிற பூங்குழலி கடைசி வரை ‘ஓடக்காரப் பெண்’தான். சேந்தன் அமுதன் ‘பூக்கார இளைஞன்’. வைத்தியர் மகன் பினாகபாணி ‘உடன் சென்றவன்’. பழுவேட்டரையர்களின் பட்டங்களில் மட்டும் ஒரு சொல்கூடக் குறையவில்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கதை. சுருக்காமல் சிறுவர் கையில் கொடுப்பது கடினம்தான். வர்ணனையை வெட்டட்டும், கிளைக்கதையைக் குறைக்கட்டும். பெயரில் ஏன் கைவைத்தார்கள்? பூங்குழலி ஐந்தெழுத்து. ஓடக்காரப் பெண் எட்டெழுத்து. எதைச் சுருக்கினார்கள்?

கதையும் இதனால் முறிகிறது. தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டியவன், பேச்சற்ற தாயைத் தாங்கியவன், பூங்குழலியை நினைத்து உருகியவன்: அந்த அமுதன் தலையில் சோழ மகுடம் ஏறும்போது எனக்கு இன்றும் நெஞ்சு விம்முகிறது. எங்கள் பிள்ளைகளோ ‘யார் இவன்?’ என்று முன்பக்கங்களில் தேடினார்கள்.

அம்மம்மா இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து வைத்திருந்த ஐந்து பாகங்கள் 2009 இடப்பெயர்வில் விசுவமடு வீட்டோடு போயின. அவர் கதை சொல்லும்போது பூங்குழலியின் அண்ணி ராக்கம்மாளுக்கென்று ஒரு குரல் வைத்திருந்தார். கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மூக்கால் பேசுவார். நாங்கள் பாய்க்குள் ஒளிந்துகொள்வோம்.

வாசிகசாலைக்கு வாங்குவோர் முழுப் பதிப்பையே வாங்குங்கள். பணம் போதாவிட்டால் முதற்பாகம் மட்டும் வாங்கித் தொடங்கலாம். மற்றவற்றைப் பிள்ளைகளே கேட்டு வாங்க வைப்பார்கள்.

எங்கள் பிரதியில் ‘ஓடக்காரப் பெண்’ வரும் இடமெல்லாம் கோடு கிழித்து, மேலே பூங்குழலி என்று நீலப் பேனாவால் எழுதியிருக்கிறேன். அமுதனுக்கும் பினாகபாணிக்கும் அப்படியே. ராக்கம்மாளைத்தான் எங்கே எழுதுவதென்று தெரியவில்லை. அவள் வரும் வரிகள் ஒன்றுகூட இந்த நூலில் மிஞ்சவில்லை.