கருவிழியா, கையிலிருக்கும் அட்டையா?

நிவாரணப் பொருள் வாங்க வரிசையில் நிற்பவர் யார் என்று சரிபார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. காகித ரேஷன் அட்டை ஒன்று. கைரேகை, கருவிழிப் பதிவுகளை மத்திய சர்வரில் சேர்த்து வைப்பது இன்னொன்று. அதே பதிவை அவரவர் கையிலுள்ள மின்னணு அட்டையில் மட்டும் ஏற்றித் தருவது மூன்றாவது.

காகித அட்டை நனையும், தொலையும், போலியும் அடிக்கலாம். ஆனால் ஒன்று திருடுபோனால் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நின்றுவிடும்.

மத்திய சர்வரின் வசதியை மறுக்க முடியாது. ஜோர்டானின் அஸ்ராக் முகாமில் சிரிய அகதிகள் கடைக் கவுன்ட்டரில் கேமராவை உற்றுப் பார்த்தாலே பில் தீரும் முறை வந்தது. அந்தக் கணக்கை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2017இல் பிளாக்செயினில், அதாவது எழுதியதைப் பின்னர் எளிதில் திருத்த முடியாத மின்னணுப் பேரேட்டில், எழுதத் தொடங்கியது.

எனக்குப் பயம் அதற்கு அப்புறம் நடப்பதில்தான். கூலி வேலையில் ரேகை தேய்ந்த விரலை ஒரு மூதாட்டி துடைத்துத் துடைத்து வைத்தாலும் இயந்திரம் ஏற்காமல் போகலாம். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, அந்த மூதாட்டி யாரிடம் போய் முறையிடுவார்? கென்யாவில் பஞ்ச காலத்தில் உணவுக்காக அகதியாகப் பதிந்துகொண்ட சொந்தக் குடிமக்கள் பலருக்கு, பின்னாளில் அந்தக் கைரேகையே அவர்களை அகதி என்று காட்டி, தேசிய அடையாள அட்டை கிடைக்காமல் செய்துவிட்டது. பசிக்கு வைத்த விரல் குடியுரிமைக்கே வினையானது.

வங்கதேசத்தில் பதிவான, மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா அகதிகளின் விவரங்கள், அவர்கள் உயிருக்கு அஞ்சி விட்டு ஓடிவந்த மியன்மார் அரசிடமே போய்ச் சேர்ந்தன என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021இல் சொன்னது. சம்மதம் பெற்றோம் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. சரி, பசியோடு நிற்பவரிடம் வாங்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்க சர்வர்களில் ஊடுருவல் நடந்தது தெரியவந்தபோது, 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அந்நியர் கைக்கு எட்டியிருந்தன. பாஸ்வேர்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மாற்ற முடியாது.

அதனால் என் தேர்வு மூன்றாவது வழி. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் உதவி வழங்குவதற்கு இதையே 2019 கொள்கையில் ஏற்றது. குறை உண்டு: அட்டை தொலைந்தால் மறுபடியும் முதலிலிருந்து பதிய வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை பதிந்தாலும் எளிதில் பிடிபடாது. சில மூட்டை மாவு கூடுதலாகப் போகும், போகட்டும். 'இனி எனக்கு இது வேண்டாம்' என்று ஒருவருக்குத் தோன்றினால், யாரிடமும் மனு போடாமல் அட்டையை உடைத்துப் போட்டுவிடலாம்.