515, 9100, 631, 445: அலுவலக பிரிண்டருக்கு எந்த போர்ட்?

"சார், பிரிண்ட் குடுத்து பத்து நிமிஷமாச்சு. க்யூவுலயும் காணோம், பேப்பரும் வரல." மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பகுதியிலிருந்து இந்த அழைப்பு வராத அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. அந்த மேடத்துக்கு அவருடைய பிரிண்ட் எங்கே போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறதா? பிரிண்டர் போர்ட்டுகளை, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்ட் நுழையும் கதவு எண்களை, நான் எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். வேகமும் வசதியும் அதற்கு அடுத்தபடி.

ஒப்பீட்டுக்குள் போகும்முன் ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரிண்ட் சர்வர் (எல்லாருடைய பிரிண்டையும் வாங்கி வரிசையாக அனுப்பும் கணினி) உள்ள அலுவலகத்தில் ஒரு பிரிண்ட் இரண்டு தடவை பயணம் செய்கிறது: முதலில் கணினியிலிருந்து சர்வருக்கு, பிறகு சர்வரிலிருந்து பிரிண்டருக்கு. இரண்டு பாதைக்கும் போர்ட் வேறு, தேவையும் வேறு. "9100 நல்லதா, 445 நல்லதா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸின் கோப்புப் பகிர்வுக்கான 445 முதல் பாதையில் ஓடுவது. 9100 இரண்டாவது பாதைக்கு உரியது. அவை இரண்டுக்கும் போட்டியே கிடையாது. உண்மையான போட்டி முதல் பாதையில் 445-க்கும் 631-க்கும், இரண்டாம் பாதையில் 515, 9100, 631 மூன்றுக்கும்.

9100: கொட்டிவிட்டுப் போகும் குழாய்

ஹெச்பி நிறுவனத்தின் ஜெட்டைரக்ட் என்ற நெட்வொர்க் கார்டுகள் வழியாகப் பரவியது இது. இன்று எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிண்டரை வாங்கினாலும் 9100 அநேகமாகத் திறந்தே வரும். விண்டோஸில் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் உருவாக்கினால் 'ரா' என்ற பெயரில் இதுதான் முதல் தேர்வாக நிற்கும். லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் இதை 'சாக்கெட்' என்று அழைக்கிறது.

இதைவிட எளிமையான முறை இருக்க முடியாது. இணைப்பைத் திற, பைட்டுகளைக் கொட்டு, மூடு. இணைப்பு மூடியதும் வேலை முடிந்ததாக பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். யார் அனுப்பினார், கோப்பின் பெயர் என்ன, எத்தனை பக்கம் என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் இது வேகமானது, எங்கு போனாலும் வேலை செய்வது.

அதனால்தான் அந்த மேடத்துக்கு என்னால் பதில் சொல்லவும் முடியவில்லை. கடைசி பைட்டை பிரிண்டர் தன் மெமரிக்குள் வாங்கிக்கொண்டவுடன் சர்வரின் கணக்கில் வேலை முடிந்தது, க்யூவிலிருந்து அழிந்துவிடும். ஆனால் காகிதம் அப்போதுதான் நகரத் தொடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனாலோ, யாராவது பிரிண்டரை அணைத்துப் போட்டாலோ, பிரிண்ட் இரண்டு இடத்திலும் இருக்காது. மேடம் சொன்னது அட்சரசுத்தமாக உண்மை: க்யூவிலும் இல்லை, பேப்பரும் இல்லை.

இன்னொரு சங்கடம், பெரும்பாலான பிரிண்டர்கள் 9100-இல் ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் கவனிக்கும். சர்வரைத் தாண்டி பத்து கணினிகள் நேரடியாக பிரிண்டர் ஐபியைச் சேர்த்து வைத்திருந்தால், ஒருவர் 200 பக்க பிடிஎஃப் அனுப்பும்போது மற்ற ஒன்பது பேரும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். யாருக்கு முதலில் திறக்கும் என்பதில் வரிசை இல்லை. பிரிண்ட் சர்வர் என்ற ஒன்று தேவைப்படுவதே இந்த வரிசைக்காகத்தான்.

பாதுகாப்பு? அறவே கிடையாது. பாஸ்வேர்ட் இல்லை, குறியாக்கம் இல்லை. பிஜேஎல் என்ற பிரிண்டர் கட்டளை மொழியும் இதே கதவு வழியாகத்தான் உள்ளே போகும். பிரிண்டர் திரையில் 'ரெடி' என்று இருப்பதை ஒரே வரிக் கட்டளையில் வேறு வாசகமாக மாற்றிவிடலாம். 2018 நவம்பரில் இணையத்துக்குத் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு ஒருவர் தன் விருப்பம்போல் ஒரு யூடியூபருக்கான விளம்பரத் தாளை அனுப்பினார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, 9100 திறந்திருந்தது, அவ்வளவுதான். என்மேப் என்ற ஸ்கேனர், சேவைகளின் பதிப்பைக் கண்டறியும்போது 9100 முதல் 9107 வரை தொடாமல் விலகிப் போகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. தொட்டால், அது அனுப்பும் சோதனைச் சரங்களையெல்லாம் பிரிண்டர் பக்கம் பக்கமாக அச்சடித்துத் தள்ளும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 9100 வேலை செய்கிறதா என்று பார்க்க நெட்கேட் என்ற கருவி மூலம் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் தள்ளிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதில் தமிழ் இருந்தால் குப்பையாகத்தான் வரும். எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு பைட். பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. அது ஒவ்வொரு பைட்டையும் தனிக் குறியாக எடுத்துக்கொள்ளும். போர்ட்டில் பழுது இல்லை. டிரைவர் வழியாகப் போனால் எழுத்தைப் படமாகவோ எழுத்துருவுடன் சேர்த்தோ அனுப்பிவிடும், சரியாக வரும்.

515: பெரியவர்

பெர்க்லி யூனிக்ஸ் காலத்து எல்பிடி முறை. 1990-இல் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது. 9100-ஐவிட இது கொஞ்சம் பேசும். வேலையோடு சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பும் போகிறது. அனுப்பிய கணினி, பயனர், வேலையின் பெயர் அதில் இருக்கும். க்யூ நிலையைக் கேட்கலாம், வேலையை ரத்து செய்யச் சொல்லலாம். ஆனால் அந்தப் பயனர் பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை. நான் மேலாளர் பெயரைப் போட்டு அனுப்பினாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

அதன் பாதுகாப்பு யோசனையே அந்தக் காலத்தைச் சொல்லும். அனுப்புபவர் 721 முதல் 731 வரையுள்ள போர்ட்டிலிருந்து வர வேண்டும் என்று ஒரு விதி. யூனிக்ஸில் அந்த எண்களை நிர்வாகி மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால் அது அன்றைக்கு நம்பிக்கைக்கு அடையாளம். ஆனால் மொத்தம் பதினோரு போர்ட்தான். பயன்படுத்திய போர்ட் மீண்டும் கைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். எல்பிடிக்கு அனுப்பும் விண்டோஸின் பழைய எல்பிஆர் மானிட்டர் இந்த விதியை அப்படியே பின்பற்றியதால், சிறு சிறு பில்களாக வரிசையாக அனுப்பினால் பன்னிரண்டாவது பில் காத்துக் கிடக்கும். ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டில் எல்பிஆர் தேர்ந்தெடுத்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அங்கேயே 'பைட் கவுன்டிங்' என்று ஒரு டிக் இருக்கும். கோப்பின் அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது எல்பிடியின் நியதி. டிக் போட்டால் விண்டோஸ் முழுவதையும் எண்ணிவிட்டுத்தான் அனுப்பும், நேரமாகும். போடாவிட்டால் சில பிரிண்டர்கள் வேலையைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். எல்பிஆரில் பெரிய கோப்பு மட்டும் வரவில்லை என்றால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் சர்வர் 2012-லிருந்தே எல்பிடியைக் கைவிடும் பட்டியலில் வைத்துவிட்டது. ஐபிஎம்மின் ஏஎஸ்/400 போன்ற பழைய அமைப்பு கேட்கும் இடத்தில் மட்டும் 515 இருக்கட்டும், புதிதாக யாரும் அமைக்க வேண்டாம்.

631: பதில் சொல்லும் போர்ட்

ஐபிபி, அதாவது இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால். 1999-இல் 1.0 பதிப்பு, 2000-இல் 1.1 பதிப்பு, 2017-இல் ஆர்எஃப்சி 8010, 8011 ஆகத் திருத்தப்பட்டது. கப்ஸின் அடிப்படை மொழி இதுதான். ஆப்பிளின் ஏர்பிரிண்ட் இதன் மேல்தான் நிற்கிறது. டிரைவர் இல்லாமல் கைபேசியிலிருந்து பிரிண்ட் போகிறதென்றால் உள்ளே பெரும்பாலும் ஐபிபிதான்.

அடியில் ஓடுவது இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் அதே ஹெச்டிடிபி. அதனால் லாகின், குறியாக்கம், ப்ராக்ஸி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ஆனால் எனக்கு முக்கியமானது வேறு. ஐபிபியில் வேலையை அனுப்பியதும் பிரிண்டர் ஒரு வேலை எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணை வைத்துப் பிறகு கேட்கலாம்: காத்திருக்கிறதா, ஓடுகிறதா, முடிந்ததா, ரத்தானதா? நின்றிருந்தால் ஏன் என்றும் சொல்லும்: காகிதம் தீர்ந்தது, மூடி திறந்திருக்கிறது, டோனர் குறைவு. சர்வர் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து, பிரிண்டர் 'முடிந்தது' என்று சொன்ன பிறகுதான் க்யூவிலிருந்து எடுக்கும். 9100-இல் மறைந்துபோன அந்த இடைவெளி இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் பிரிண்ட் சர்வரில் ஒரே பிரிண்டரை முதலில் சாக்கெட் ஆகவும், பிறகு ஐபிபி ஆகவும் வைத்துப் பார்த்தோம். காகிதத் தட்டை வேண்டுமென்றே உருவி வைத்தோம். சாக்கெட் க்யூவில் மூன்று பக்க வேலை நொடியில் 'முடிந்தது' என்று காட்டியது. ஐபிபி க்யூவில் அதே வேலை, காகிதம் இல்லை என்ற குறிப்போடு நின்றது. அன்று மாலையே மற்ற பிரிண்டர்களையும் மாற்றிவிட்டோம்.

குறை இல்லாமலில்லை. பழைய பிரிண்டர்களில் ஐபிபி அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும், இருபக்க அச்சு, தட்டுத் தேர்வு போன்றவை பேச்சளவில் இருந்து செயலில் இருக்காது. குறியாக்கத்தை இயக்கினால் பிரிண்டர் தானே கையெழுத்திட்ட சான்றிதழோடு வந்து நிற்கும். அதை நம்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். விண்டோஸ் சர்வரின் இன்டர்நெட் பிரிண்டிங் சேவை ஐபிபி பேசினாலும் 631-இல் அல்ல, விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் வழியாக 80 அல்லது 443-இல் பேசும். ஃபயர்வாலில் 631-ஐத் திறந்துவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் இதைக் கவனிக்கவும்.

631-இல் டிசிபி வேறு, யுடிபி வேறு (இரண்டும் தனித்தனி அனுப்பும் முறைகள்) என்பதையும் மறக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் வெளியான கப்ஸ் ஓட்டை, யுடிபி 631-இல் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்த கப்ஸ்-ப்ரவுஸ்டு என்ற துணைச் சேவையில் இருந்தது. போலி பிரிண்டரை அதன்வழி நுழைத்து, யாராவது அதற்கு பிரிண்ட் கொடுத்ததும் சர்வரில் கட்டளையை ஓட்ட முடிந்தது. பிரிண்ட் அனுப்பத் தேவையானது டிசிபி 631 மட்டும்தான். யுடிபியை மூடிவிட்டு அந்தச் சேவையை நிறுத்தினால் சர்வருக்கு இழப்பில்லை.

445: விண்டோஸ் வீட்டு வாசல்

கணினியிலிருந்து விண்டோஸ் பிரிண்ட் சர்வருக்குப் போகும் வழி. டொமைன் (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் இதன் சௌகரியத்துக்கு ஈடில்லை. யார் எந்த பிரிண்டரைப் பயன்படுத்தலாம் என்று குழு வாரியாக அனுமதி தரலாம், டிரைவர் சர்வரிலிருந்தே இறங்கும், யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்ற கணக்கில் உண்மையான பயனர் பெயர் நிற்கும்.

அந்த டிரைவர் இறங்கும் சௌகரியம்தான் 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டையாகக் கழுத்துக்கு வந்தது. டொமைனில் சாதாரண லாகின் உள்ள ஒருவரே, பிரிண்ட் வேலைகளைக் கையாளும் ஸ்பூலர் சேவை வழியாகத் தன் நிரலை சிஸ்டம் அதிகாரத்தோடு ஓட்ட முடிந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. பிரிண்டர் தொடர்பே இல்லாத சர்வர்களில், குறிப்பாக டொமைன் கன்ட்ரோலரில், ஸ்பூலர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்பு ஸ்பூலர் பேச்சு முழுக்க 445-க்குள்ளேயே நடந்தது. விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து அந்தப் பேச்சு (ஆர்பிசி) நேரடியாக டிசிபியில் போகிறது. அதாவது முதலில் 135, பிறகு 49152 முதல் 65535 வரை ஏதோ ஒரு போர்ட். கணினிகளும் சர்வரும் வேறு வேறு விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதியில்) இருந்து, நடுவில் 445 மட்டும் திறந்திருந்தால், பழைய கணினிகள் பிரிண்ட் எடுக்கும், புதியவை எடுக்காது. இதற்காகப் பதினாறாயிரம் போர்ட்டுகளைத் திறக்க வேண்டாம். குரூப் பாலிசியில் பிரிண்டர்கள் பிரிவில் ஆர்பிசி போர்ட்டை ஒரே எண்ணாக நிலைநிறுத்த வழி இருக்கிறது. சர்வரில் அதைப் பொருத்திவிட்டு அந்த எண்ணையும் 135-ஐயும் மட்டும் திறந்தால் போதும்.

போட்டியில் இல்லாத 161

பிரிண்ட் இதன் வழியாகப் போவதில்லை. ஆனாலும் இதை மூடினால் பிரிண்ட் நிற்கும். ஒருமுறை ஃபயர்வாலை இறுக்கிக் கட்டியபோது கருவிகளின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பியின் யுடிபி 161-ஐ 'தேவையில்லை' என்று நானே அடைத்தேன். மறுநாள் காலை எல்லா பிரிண்டரும் சர்வரில் 'ஆஃப்லைன்'. 9100-ஐத் தட்டினால் உடனே திறக்கிறது, பிங் போகிறது, பிரிண்ட் மட்டும் போகவில்லை. ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக் இருந்தால் விண்டோஸ் பிரிண்டரின் நிலையை 161-இல்தான் கேட்கும். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடும். டிக்கை எடுக்கலாம், ஆனால் டோனர், காகித நிலவரமும் சேர்ந்து போய்விடும். சர்வரிலிருந்து மட்டும் 161-ஐத் திறந்து, பாஸ்வேர்ட் போலப் பயன்படும் 'பப்ளிக்' என்ற பொதுப் பெயரையும் மாற்றி வைப்பதே சரி.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 5353, 3702 இரண்டும் பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுபவை, சர்வர் வழியாக மட்டும் அச்சிடும் இடத்தில் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் யுனிவர்சல் பிரிண்ட் 443-இல் வெளியே போகும், இணையம் அறுந்தால் பிரிண்டும் அறும். ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடும் இயந்திரங்களுக்கு எதிர்த்திசையில் 445 வேண்டும்.

நாற்பது பேர் அலுவலகம் என்றால்

விண்டோஸ் டொமைன் இருந்தால் கணினியிலிருந்து சர்வருக்கு 445, அதோடு நிலைநிறுத்திய ஆர்பிசி எண்ணும் 135-ம். டொமைன் இல்லாமல் லினக்ஸ், மேக், விண்டோஸ் கலந்திருந்தால் கப்ஸ் சர்வரும் டிசிபி 631-ம். சர்வரிலிருந்து பிரிண்டருக்கு, லினக்ஸ் சர்வராக இருந்தால் தயங்காமல் குறியாக்கத்தோடு 631. விண்டோஸ் சர்வரில் ஸ்டாண்டர்ட் போர்ட் இன்றும் 'ரா', 'எல்பிஆர்' இரண்டைத்தான் தருகிறது என்பதால் அங்கே 9100-ஐ ஏற்கிறேன், ஆனால் சர்வரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. இனி வாங்கும் பிரிண்டர் மோப்ரியா சான்று (தனி டிரைவர் இல்லாமல் அச்சிடும் தரத்துக்கானது) பெற்றதாக இருக்கட்டும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் வந்திருக்கும் பாதுகாக்கப்பட்ட பிரிண்ட் முறை அத்தகைய பிரிண்டர்களோடு மட்டும்தான் பேசும், அதுவும் ஐபிபியில்.

பிரிண்டர்களைத் தனி விலானில் போட்டுவிட்டு உடனே 9100-ஐ அடைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் ஃபயர்வால் லாகை ஓடவிட்டுப் பாருங்கள். சர்வரைத் தாண்டி நேரடியாக ஐபி போட்டு வைத்திருக்கும் கணினிகள் அதில் ஒவ்வொன்றாக வெளிவரும், அநேகமாக பில்லிங் கணினியும் அவற்றில் ஒன்றாக இருக்கும். அவற்றைச் சர்வர் க்யூவுக்கு மாற்றியபின் அடையுங்கள். அடைத்ததும் ஏதாவதொரு கணினியிலிருந்து 9100-ஐத் தட்டிப் பாருங்கள், திறக்கக் கூடாது. சர்வரிலிருந்து தட்டுங்கள், திறக்க வேண்டும். பிறகு காகிதத் தட்டை உருவி வைத்துவிட்டு ஒரு பக்கம் பிரிண்ட் கொடுத்து, க்யூ என்ன சொல்கிறது என்று பாருங்கள்.