வெலிங்டன் ஜீலாண்டியா நைட் டூர்: டுவாட்டாராவுக்காகவே போகலாம்

நியூசிலாந்து போறவங்க வெலிங்டன்ல ஜீலாண்டியா சரணாலயத்த விட்டுடாதீங்க. நிறைய பேர் கிவி பறவைய பாக்கத்தான் நைட் டூர் புக் பண்றாங்க, நான் போனது டுவாட்டாராங்கற, பாக்க பல்லி மாதிரி இருக்கற நியூசிலாந்து ஊர்வனவுக்காக, கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார் குடுப்பேன். உள்ள நுழையும்போதே எலி கிலி ஒளிஞ்சிருக்கான்னு பையத் தொறந்து பாக்கச் சொல்றாங்க, அதுவே எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா எலியாலதான் இந்த ஜீவன் மெயின் தீவுகள்லேருந்தே அழிஞ்சு போச்சு.

சிவப்பு டார்ச் வெளிச்சத்துல வளை வாசல்ல ஒண்ணு உக்காந்திருந்துச்சு, முதுகுல முள்ளு வரிசை, கழுத்துல மடிப்பு மடிப்பா தோல், இத்தனை பேர் நிக்கிறோம், அசையவே இல்ல. பக்கத்துல ஒருத்தர் ஓணான் மாதிரியே இருக்குன்னார், அவர சொல்லி குத்தமில்ல, விஞ்ஞானிகளே முதல்ல ஓணான் குடும்பத்துலதான் வச்சிருந்தாங்க, 1867ல குந்தர்ங்கற விலங்கியல் விஞ்ஞானிதான் எலும்ப ஆராய்ஞ்சு இது பல்லியே இல்லன்னு சொன்னார். பல்லி, பாம்பு வம்சத்துலேருந்து சுமார் 25 கோடி வருஷம் முன்னாடியே பிரிஞ்ச கிளை, அதுல இப்ப உயிரோட மிச்சம் இது ஒண்ணுதான்!

எல்லாரும் இதோட உச்சந்தலையில இருக்கற மூணாவது கண்ணப் பத்தியே பேசுவாங்க, ஆனா அது நிறைய பல்லிக்கும் உண்டு. நிஜமான வித்தியாசம் வாய்க்குள்ள இருக்கு. மேல ரெண்டு வரிசை பல்லு, கீழ ஒரு வரிசை, வாய மூடினா கீழ் வரிசை அந்த ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காரும், அப்புறம் கீழ்த்தாடை அப்படியே முன்னாடி நகர்ந்து ரம்பம் மாதிரி அறுக்கும், பல்லு தாடை எலும்போடயே ஒட்டினது, தேஞ்சா தேஞ்சதுதான், வயசானதுங்க மண்புழு மாதிரி மெத்துன்னு இருக்கறதா பாத்து தின்னும். வெளிய காது ஓட்டையும் கிடையாது. பல்லிங்க சுருண்டு கெடக்கற குளிர்ல இது இரை தேடும், முட்டை பொரியவே ஒரு வருஷம் கிட்ட ஆகும், நூறு வயசு தாண்டியும் வாழும்.

2005ல ஸ்டீபன்ஸ் தீவுலேருந்து 70 டுவாட்டாராவ இங்க கொண்டு வந்து விட்டாங்க, 2009ல குட்டி கண்ணுல பட்டுச்சு, சுத்தி 8.6 கிலோமீட்டர் வேலி போட்டு காப்பாத்தலன்னா இது நடந்தே இருக்காது.

ராத்திரி காத்து பிச்சு எடுக்கும், ஜாக்கெட் கண்டிப்பா எடுத்துக்கோங்க. சின்ன பசங்களோட போறவங்க வெயில் அடிக்கற நாளா பாத்து பகல்லயே போங்க, வளைக்கு வெளிய வந்து வெயில் காயும், நல்லாவே பாக்கலாம்.