'கேஸ் இருந்தா என்ன, பேப்பர்ல வராது': ஊட்டியில் வேலை தேடுபவர்கள் கவனத்துக்கு

போலீஸ் கேஸ் நிலுவையில் இருக்கும் பையன்களாகப் பார்த்து வலைவீசும் ஒரு வேலை ஏஜென்ட் ஊட்டியில் இருக்கிறார். என் தம்பியிடம் 18,000 ரூபாய் கறந்துவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அவர் கொடுத்த காகிதம் செய்த கெடுதல்தான் பெரிது.

தம்பி டாக்ஸி டிரைவர். போன சீசனில் சேரிங்கிராஸ் பக்கம் சவாரி ஏற்றுவதில் தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. இரண்டு தரப்பும் புகார், இரண்டு தரப்பு மேலும் எஃப்.ஐ.ஆர். திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று வழக்கமாகப் போடும் பிரிவுகள்தான். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. கேஸ் மட்டும் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ரிசார்ட் டிரைவர் வேலைக்குப் போகலாம் என்றால், போகிற இடமெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள்.

ஏஜென்ட்டின் ஆபீஸ் ஒரு வர்க்கி பேக்கரிக்கு மேலே. நானும் கூடப் போயிருந்தேன். கேஸ் விவரத்தைக் கேட்டதும் மனிதர் முகத்தில் ஒரு மலர்ச்சி! "எஸ்.பி. ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு தம்பி. கேஸ் பாட்டுக்கு ஓடட்டும், பேப்பர்ல வராது" என்றார். ரசீது கேட்டேன். "இதுக்கெல்லாம் ரசீது கொடுப்பாங்களா மேடம்?" என்று சிரித்தார்.

பத்து நாளில், கேஸ் எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் வந்தது. ஊதா முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. கோத்தகிரி பக்கத்து ரிசார்ட் மேனேஜர் அதை வாங்கி வைத்துவிட்டு, கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தைப் போனில் திறந்து தம்பியின் பெயரைத் தட்டினார். வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி எல்லாம் வந்து நின்றது. "அடிதடி கேஸ்னு நேராச் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். இந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். அந்த வேலை போனது. போலி ஆவணத்தை அசல் என்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 340-ஆம் பிரிவில் தனிக் குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. இவன் மேல் இன்னொரு கேஸ் வரும்படி செய்துவிட்டு அந்த ஆள் போனை எடுப்பதே இல்லை.

சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். (15100-க்கு அடித்தாலே வழி சொல்வார்கள்.) அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய வேண்டுமானால் அதற்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், எந்த ஆபீஸ் கிளார்க்காலும் முடியாது. எதிர்த்தரப்போடு சமரசம் ஆனால் அடித்ததற்கான பிரிவை மாஜிஸ்ட்ரேட் முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம். ஆபாசமாகத் திட்டியதற்கான பிரிவை அப்படி முடிக்க முடியாதாம், அதற்கும் உயர் நீதிமன்றம்தான்! இரண்டில் திட்டுதான் லேசானது என்று நான் நினைத்திருந்தேன்.

விண்ணப்பப் படிவத்தையும் நிதானமாகப் படிக்கச் சொன்னார். 'தண்டனை பெற்றதுண்டா' என்று மட்டும் கேட்டிருந்தால் தம்பி 'இல்லை' என்று எழுதுவதில் தப்பில்லை. 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்று கேட்டால் 'ஆம்' என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறதாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஆனால் மறைத்தது தெரிந்தால், சேர்ந்த வேலையும் போகலாம்.

இப்போது தம்பி ஒரு டீ ஃபேக்டரியில் இலை லாரி ஓட்டுகிறான். முதலாளியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வாய்தா நாளில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறான். சம்பளம் ரிசார்ட்டைவிடக் குறைவுதான்.

ஏஜென்ட் மேல் புகார் கொடுத்திருக்கிறோம். பேக்கரி மாடியில் இப்போது போர்டு இல்லை, குன்னூர் பக்கம் வேறு பெயரில் ஆள் எடுப்பதாகக் கேள்வி. உங்களிடம் யாராவது 'பேப்பர்ல வராம பாத்துக்கறேன்' என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால் நீங்களும் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். எங்கள் புகாரை மட்டும் வைத்துக்கொண்டு, 'ரசீது இருக்கா?' என்றுதான் ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.